கருப்புக்கு முடிந்துவைத்த ரோமாபுரிக் காசு

கப்பலூரில் பம்பு உதிரிபாகம் கடையும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் அழகுபாண்டிக்கு 'ரோமாபுரி' என்று பெயர். சூப்பர்வைசரே, "ரோமாபுரியக் கூப்பிடு, இந்த ஜாப்ப அவன்தான் போடணும்" என்பார். பதினேழு வருடமாக லேத் இயந்திரத்தில் நிற்பவன். ஒரு கம்பியை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தே, சொன்ன அளவுக்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். பிறகு வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அந்தப் பெயர் வந்த கதை தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில் தொடங்கியது. கல்யாணமான புதிதில் மனைவி சத்யப்ரியாவைக் கூட்டிக்கொண்டு போனான். டெல்லி அப்பளம் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் பழைய காசு விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுத்த செம்புத் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்து, "ரோமாபுரி ராசா காலத்துக் காசு தம்பி. மிளகுக்கும் துணிக்கும் கப்பல்ல வந்து இறங்குனது" என்றார். அழகுபாண்டி சட்டைப் பையிலிருந்த வெர்னியரை எடுத்தான். பொருட்காட்சிக்கும் அதோடுதான் வந்திருந்தான். ஒரு பக்கம் வைத்தால் பதினொன்று புள்ளி நாலு மில்லிமீட்டர். திருப்பி வைத்தால் பன்னிரண்டு புள்ளி ஒன்று. இன்னொரு முறை திருப்பினால் இரண்டும் இல்லாத ஓர் அளவு.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூலிழை பிசகினாலும் பொருளைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போடுகிற உலகத்தில் அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கணக்கில் ஒரு சாம்ராஜ்யத்தின் காசு முழுவதுமே ரிஜெக்ட். ஆனாலும் இதை ஒருவன் சுத்தியலால் அடித்திருக்கிறான், இன்னொருவன் வாங்கிப் பையில் போட்டிருக்கிறான், யாரும் வட்டம் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கவில்லை. அப்பளம் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒங்களுக்குக் கல்யாண மோதிரத்தக் காட்டுனப்பக்கூட இம்புட்டு நேரம் பாக்கல" என்றாள் சத்யப்ரியா.

பத்து வருடத்தில் ஒத்தக்கடையில் அவர்கள் குடியிருந்த வீட்டு பீரோவின் ஓர் இழுப்பறை காசுகளால் நிறைந்தது. பெரும்பாலும் அதே மாதிரி தேய்ந்த செம்புப் பொடிக்காசுகள். ஆந்தை போட்ட கிரேக்கக் காசு ஒன்று இருந்தது. ஆந்தை என்று அவன் சொன்னால்தான் அது ஆந்தை. இவற்றுக்கெல்லாம் ராசாவாக ஒரு வெள்ளிக்காசு. ஒரு தீபாவளி போனஸை அப்படியே கொண்டுபோய்க் கோயம்புத்தூர் நாணயக் கண்காட்சியில் கொடுத்து வாங்கியது. ஒரு பக்கம் திபேரியஸ் என்ற ராசாவின் தலை. மறுபக்கம் கையில் கிளையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். தலையைச் சுற்றி எழுத்துகள், ஒன்றுகூட அழியாமல். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் வெயிலில் அதைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பது அவனுக்குக் கறிக்குழம்பைவிடப் பெரிய விஷயம்.

அவர்களுக்கு அதற்குள் இரண்டு முறை குழந்தை தரித்துத் தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. பீரோவின் மேல்தட்டில் மடித்துவைத்த ஒரு சின்ன மஞ்சள் சட்டை இருந்தது. இருவரும் அந்தத் தட்டைத் திறப்பதில்லை, காலி செய்யவும் இல்லை.

மூன்றாவது முறை ஏழாம் மாதம். ஆயுத பூசை அன்று அழகுபாண்டி தன் வெர்னியரையும் ஸ்பேனர்களையும் சாமி படத்தின் முன் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டான். கூடவே ஒரு தாம்பாளத்தில் வெள்ளிக்காசையும் வைத்தான். பக்கத்தில் தட்சணைச் சில்லறை. எல்லாவற்றுக்கும் பொட்டு. சாயங்காலம் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்த சத்யப்ரியா அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டோ வந்து வாசலில் நின்றது. கிளம்புமுன் அழகுபாண்டி ஒரு துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்து, தாம்பாளத்தில் கைவிட்டு ஒரு காசை எடுத்து முடிந்தான். 'மந்தைக் கருப்பு, ரெண்டு உசுரையும் குடு. ஓன் வாசல்ல வந்து மொட்டை போட்டுக் காது குத்துறோம்' என்று வேண்டிக்கொண்டு, முடிச்சைச் சாமி படத்தின் ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

பெண் குழந்தை. ஒன்றே கால் கிலோ. நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். நாற்பத்திரண்டாம் நாள் மகிழினி என்ற பெயரோடு வீட்டுக்கு வந்து, தெருவே கேட்கும்படி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே அழகுபாண்டி பீரோவைத் திறந்து இழுப்பறையை இழுத்தான். வெள்ளிக்காசு இல்லை. ஆயுத பூசைக்கு வைத்தது நினைவு வந்து தாம்பாளத்தைப் பார்த்தான். காய்ந்த சந்தனத்தோடு ஒற்றை ரூபாய்கள் மட்டும் கிடந்தன.

மெதுவாக நிமிர்ந்து ஆணியில் தொங்கிய முடிச்சைப் பார்த்தான்.

வெர்னியரை எடுத்து முடிச்சோடு சேர்த்து அளந்தான். ஒற்றை ரூபாய் இருபத்திரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இது துணியோடு சேர்த்தே இருபதைத் தாண்டவில்லை.

"என்ன பண்றீங்க, சாமி முடிச்சப் போயி அளந்துக்கிட்டு?" என்றாள் சத்யப்ரியா, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

சொன்னான். அவள் சிரித்ததில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

"விரலாலயே அளவு சொல்றவராம். ரோமாபுரியத் தூக்கிச் சாமிக்கு முடிஞ்சிருக்காரு."

"அவுத்து ஒரு ரூவாய மாத்தி வச்சிரட்டுமா?"

"கைய வச்சிப் பாருங்க. முடிஞ்சா முடிஞ்சதுதான். சாமி முன்னாலதான் அவுக்கணும்."

"இல்ல புள்ள, மந்தைக் கருப்புக்கு ரோமாபுரிக் காசு எதுக்கு?"

"ஒங்களுக்குப் புள்ள எதுக்குன்னு அது கேட்டுச்சா?"

அவன் வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டான். ஆனால் நம்பிக்கை ஒன்று இருந்தது. சோழவந்தானுக்கு மேற்கே இருக்கும் அவர்கள் குலசாமி மந்தைக் கருப்பு கோயிலில், சிவராத்திரிக்கு மறுநாள், சாமிக்கு வந்த பொருள்களை ஏலம் விடுவார்கள். எலுமிச்சம்பழம், சேவல், வெள்ளியில் செய்த கண்மலர், கை கால் உருவம் எல்லாம் ஏலத்துக்கு வரும். கடைவீதியில் செல்லுகிற காசு உண்டியலுக்குப் போகும், செல்லாதது ஏலத்துக்குப் போகும். போனில் பூசாரி மொக்கையனைக் கூப்பிட்டு, காணிக்கை கொடுத்தவனே ஏலம் கேட்கலாமா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"தாராளமாக் கேளு. சாமி கைக்குப் போயிட்டா அது சாமி சொத்து. ஓன் சொத்தில்ல. எவனும் கேக்கலாம், நீயும் கேக்கலாம்" என்றார் மொக்கையன்.

அன்றிலிருந்து அவன் டீயைக் குறைத்தான். ஓவர்டைம் பார்த்தான். மகிழினிக்கு ஒரு வயது தாண்டி வந்த மாசியில், ஒன்பதாயிரம் ரூபாயைச் சட்டையின் உள்பைக்குள் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டு வேனில் ஏறினான். ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருந்தான். காசின் மதிப்பு என்னவென்று அங்கே வாயைத் திறக்கக்கூடாது. சாமிக்குக் கொடுத்துவிட்டு வயிறெரிகிறான் என்ற பேச்சு வந்தால், அது பேரன் பேத்தி காலம்வரைக்கும் ஓடும்.

புளியமரத்தடியில் பங்காளிகள் கூட்டம். மொக்கையன் முடிச்சை அவிழ்த்தார். சந்தனம் உதிர்ந்து வெள்ளி பளிச்சென்றது.

"என்னப்பா இது, ஒடம்பில்லாம தல மட்டும் இருக்கு? யாரு இவரு, ஒங்க தாத்தாவா?"

"மூக்கப் பாத்தா அப்பிடித்தான் தெரியுது" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"செல்லாது. ஏலத்துல வையி" என்றார் மொக்கையன்.

எலுமிச்சம்பழங்கள் போயின. ஒரு சேவல் போனது. பிறகு மொக்கையன் காசைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். "புள்ளைக்காக முடிஞ்ச காசு. கருப்பு பாத்த காசு. யாரு கேக்குறா?"

"நூத்தியொண்ணு" என்றான் அழகுபாண்டி, ரொம்ப அலட்சியமாக.

"ஐநூத்தியொண்ணு."

குரல் பின்னாலிருந்து வந்தது. சத்யப்ரியாவின் அண்ணன் அழகுராஜா. சோழவந்தானிலிருந்து வெற்றிலைக்கட்டு ஏற்றி ஊர் ஊராகப் போய்வரும் லோடு வண்டி ஓட்டுகிறவர். அழகுபாண்டியைச் சீண்டாமல் ஒரு விசேஷத்தையும் விட்டதில்லை. போன பொங்கலுக்கு ஒரு சோடா மூடியைத் தட்டையாக்கி, கிரேக்கக் காசு என்று சொல்லிக் கொடுத்தவர்.

"ஆயிரம்" என்றான் அழகுபாண்டி.

"ரெண்டு."

"மச்சான், வெளையாடாதீங்க."

"ஏலத்துல மச்சான் ஏது மாப்ள. நீ கேளு, நான் கேக்குறேன்."

கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இலையோடு வந்து நின்றார்கள். மூவாயிரம், மூவாயிரத்து ஐநூறு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு தொகைக்கும் மொக்கையன் உடுக்கையை ஒரு தட்டுத் தட்டினார். சாமியே ஏலத்தில் இறங்கியதுபோல இருந்தது.

"எட்டாயிரம்."

"எட்டரை."

அழகுபாண்டி உள்பையைத் தொட்டுக்கொண்டான். "ஒம்பதாயிரம்."

மொக்கையன், "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார்.

"ஒம்பதாயிரத்து ஒண்ணு."

கூட்டம் சிரித்துத் தள்ளியது. அழகுபாண்டிக்குக் காது சூடாகிவிட்டது. கையில் போன் இருந்தது. வங்கியில் மாதக் கடைசிவரைக்கும் வைத்திருந்த பணம் இருந்தது. அவன் வாயைத் திறந்தபோது சத்யப்ரியா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"எங்க அண்ணன் மொகத்தப் பாருங்க" என்றாள் மெதுவாக.

பார்த்தான். சீண்டும்போது அழகுராஜாவின் முகத்தில் எப்போதும் ஒரு கோணல் சிரிப்பு இருக்கும். இப்போது அது இல்லை. துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். உதடு ஏதோ முணுமுணுத்தது.

அழகுபாண்டி வாயை மூடிக்கொண்டான்.

"மூணு தரம்" என்றார் மொக்கையன். உடுக்கை அதிர்ந்தது.

அடுத்து மொட்டை. அதற்கடுத்துக் காதுகுத்து. மகிழினி தாய்மாமன் மடியில் சந்தனத் தலையோடு உட்கார்ந்து, சுற்றி நின்ற எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தாள். காது குத்த வந்த ஆசாரி கம்மலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழகுராஜா வேட்டி மடிப்பிலிருந்து வெள்ளிக்காசை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதுல ஒரு ஓட்டை போட்டு, இந்த வளையத்தக் கோத்துக் குடுங்க. புள்ள கழுத்துல போடணும்." பிறகு அழகுபாண்டியின் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காத மாப்ள. அவ உசுரு நின்ன காசு. வேற எவன் கையிலயும் போகக்கூடாதுன்னு, நீ காசு முடிஞ்சதச் சொன்ன அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே நெனச்சிட்டேன். அது தாய்மாமன் சீராத்தான் வரணும். நீ என்னடான்னா விட்டுக்குடுக்கவே மாட்டேங்குற."

கண்ணாடிப் பெட்டி நாட்களில் இந்த ஆள் விடியுமுன் வெற்றிலை லோடு இறக்கிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வாசலில் உட்கார்ந்திருந்தது அழகுபாண்டிக்கு நினைவுக்கு வந்தது.

அதற்குள் ஆசாரி காசைக் கட்டையில் வைத்துக் கூர்மையான ஆணி ஒன்றைத் திபேரியஸின் கழுத்துக்கு நேராகப் பிடித்துச் சுத்தியலை ஓங்கிவிட்டார்.

"இருங்கண்ணே" என்றான் அழகுபாண்டி.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சத்யப்ரியாவும் பார்த்தாள். ஓட்டை விழுந்த காசு பாதி விலைக்குக்கூடப் போகாது என்பது அந்தக் கூட்டத்தில் அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழகுராஜா உடனே காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதுவும் அவனுக்குத் தெரியும்.

அவன் ஆசாரியின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஆணி வச்சு அடிச்சா நொறுங்கிரும். ரெண்டாயிரம் வருசத்து வெள்ளி, உள்ளுக்குள்ள பொறை ரொட்டி மாதிரி இருக்கும். கையில திருகுற துளைப்பான் வச்சிருக்கீங்களா? ஊசி மொனை?"

"இருக்கு."

"தேங்காண்ணெய் ஒரு சொட்டு விடுங்க. சத்யா, ஒன் கண்மையக் குடு."

காசை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் படித்த எழுத்துகள் எல்லாம் அப்படியே இருந்தன. ராசாவின் தலைக்கு மேலே, ஓர் எழுத்து முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன், ஓர் எள் அளவுக்கு வெற்றிடம். குச்சியில் மையைத் தொட்டு அங்கே ஒரு புள்ளி வைத்தான். மறுபக்கம் திருப்பி, அந்தப் பெண்ணின் தலையில் துளை விழாது என்று உறுதி செய்துகொண்டான்.

"அவசரப்படாமத் திருகுங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

வெள்ளித்தூள் எண்ணெயில் மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மியூசியத்தில் பார்த்த, இந்தப் பக்கத்து மண்ணில் கிடைத்த ரோமாபுரிக் காசுகள் அவனுக்கு நினைவுக்கு வந்தன. அவற்றிலும் சிலவற்றில் இதே மாதிரி மேலே ஒரு துளை இருந்தது. யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று அப்போது உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்திருந்தான். அந்த ஆளும் ஒரு பிள்ளைக்காகத்தான் போட்டிருப்பான். இந்தப் பக்கத்துக்காரன்தானே, வேறு எதற்குப் போட்டிருப்பான். அழகுபாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

துளை சுத்தமாக விழுந்தது. எழுத்து ஒன்றும் சேதமில்லை. வளையத்தைக் கோத்துச் சிவப்புக் கயிற்றில் மாட்டி மகிழினியின் கழுத்தில் போட்டார்கள். அடுத்த நொடியில் அவள் திபேரியஸை வாய்க்குள் திணித்துக் கடித்தாள். அந்த ருசியில் லயித்திருந்தபோதே ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார். இரண்டாவது காதுக்குத்தான் ஊரைக் கூட்டினாள்.

பந்தியில் அழகுராஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார். "அது சரி மாப்ள. இம்புட்டு மல்லுக்கட்டுனியே, எதுக்கு?"

அழகுபாண்டி தாம்பாளத்திலிருந்து தொடங்கி, முடிச்சை வெர்னியரால் அளந்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். அழகுராஜா பிசைந்த சோற்றை இலையிலேயே போட்டார்.

"ஏலத்துக்கு முன்னாடி காதுல ஒரு வார்த்த போட்டிருந்தா ஐநூறோட முடிச்சிருக்கலாமேடா."

"நீங்க சொல்லியிருந்தா நான் நூத்தியொண்ணோட நிறுத்தியிருப்பேனே மச்சான்."

குழம்பு வாளியோடு வந்த மொக்கையன் இரண்டு இலைக்கும் நடுவில் நின்றார். "ரெண்டு பேரும் வாயத் தெறக்காம இருந்ததுலதான்யா கோயிலுக்கு இந்த வருசம் குழாய் லைட்டு" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் கறியாகப் பார்த்து ஊற்றினார்.