மஞ்சள் நாடா

அந்த மஞ்சள் நாடாவைக் கட்டியவன் நான்தான். என் மருமகன் சிவகரன் அல்ல. ஆறு வருடமாக இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்... இன்றைக்கு உங்கள் முன்னால் துப்புகிறேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஜெர்மனியில், பீலெஃபெல்டு நகரத்துக்கு வெளியே புல்வெளிகளில் அப்பிள் மரங்கள் நிற்கும். பழம் தேவையில்லாத சொந்தக்காரர்கள் மரத்தில் மஞ்சள் நாடா கட்டிவிடுவார்கள். நாடா இருந்தால் யாரும் பறிக்கலாம், கேட்கத் தேவையில்லை. இல்லாவிட்டால் கை வைக்கக் கூடாது. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த ஒரே சட்டம் அது. நான் வந்த காலத்தில் எதற்கெடுத்தாலும் கடிதம், கையெழுத்து, வரிசை... சரி, அதை விடுங்கள்.

ஒவ்வொரு செப்டெம்பரும் மகள் வதனி, சிவகரன், பேத்தி, நான் என்று குடும்பமாகப் போவோம். மரத்தைத் தெரிவுசெய்வது என் வேலை. நான் நாடா கட்டியதற்கு முந்தின வருடம் காட்டிய மரம் சரியான புளிப்பு. வதனி சுட்ட கேக்கை வாயில் வைத்ததும் சிவகரன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, இது அப்பிளோ மாங்காயோ? அடுத்தமுறை உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுவாறன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது ஒரு வருடம் எனக்குள் கிடந்து புளித்தது. ஒரு பகிடிக்காகவா? ஆம், ஒரு பகிடிக்காகத்தான்!

அந்த வருடம் அவர்கள் காரிலிருந்து ஏணியை இறக்கும்போது நான் முன்னால் நடந்தேன். வேலியோரம் ஒரு மரம்... கிளைகள் நிலத்தைத் தொட்டன. விழுந்து கிடந்த ஒன்றைக் கடித்தேன். தேன்! நாடாதான் இல்லை. பக்கத்தில் நின்ற சொத்தை மரத்தில் இருந்தது. அவிழ்த்தேன். இதில் கட்டினேன்.

"தம்பி, இஞ்ச வாங்கோ! நல்ல மரம் ஒண்டு நிக்குது!"

மூன்றாவது கூடை நிரம்பும்போது ஒரு ஜெர்மன் கிழவி வந்தாள். என் வயதுதான் இருக்கும். தன்னுடைய இந்த மரத்துக்கு நாடா கட்டவே இல்லையே என்றாள். ஏணியில் நின்றவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

சிவகரன் இறங்கி வந்து நாடாவைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார்.

இளவயதில் நான் புகையிலைக் கட்டுக் கட்டினவன். இரண்டு சுற்று, உள்ளே ஒரு சொருகல். என் கைக்கு வேறு முடிச்சுத் தெரியாது. அவர் வீட்டில் பழைய பேப்பரிலிருந்து கேக் பெட்டி வரை நான்தான் கட்டிக் கொடுப்பேன்.

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கிழவியிடம், தான்தான் கட்டியதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பேத்தி வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அப்போதாவது பேசியிருக்க வேண்டாமா? சப்பாத்துச் சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டு நின்றேன்!

கேட்டிருந்தால் தந்திருப்பேனே என்றாள் கிழவி. பறித்ததை எடுத்துப் போகச் சொன்னாள். பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

சிவகரன் மூன்று வருடமாக, தோட்டச் சங்கம் ஒன்று வாடகைக்குக் கொடுக்கும் சின்னத் தோட்டத் துண்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர். கத்தரியும் மிளகாயும் நட வேண்டும் என்று கன்றுகூட வளர்த்து வைத்திருந்தார். அந்தத் தோட்டச் சங்கத்தில் கிழவியும் ஒருத்தி என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த மாதம் கடிதம் வந்தது. துண்டு இல்லை.

பறித்த அன்று பின்னேரமே வதனி அந்த அப்பிளில் கேக் சுட்டாள், எறிய மனம் வராமல். வீடெல்லாம் கறுவாப்பட்டை வாசம். ஒருவரும் தொடவில்லை. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். "இந்தமுறை நல்ல இனிப்பு" என்றும் சொன்னேன்! நான் என்ன மனிதன்?

அதன்பிறகு நாங்கள் பறிக்கப் போகவில்லை. புருசன் பெண்சாதி சண்டை வந்தால் வதனி அதையே எடுப்பாள்.

"பிள்ளைக்கு முன்னால களவெடுத்து எங்களைத் தலைகுனிய வைச்ச ஆள்தானே நீங்கள்!"

அவர் அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். அதே அறையில் இருந்து நான் தேத்தண்ணீர் குடிப்பேன்.

இப்போது கடை அப்பிளில்தான் கேக். போன ஞாயிறு நான் என் வீட்டுக்குப் புறப்படும்போது சிவகரன் கேக் பெட்டியையும் நூலையும் என் முன்னால் வைத்தார்.

"நீங்களே கட்டுங்கோ மாமா. உங்கட கட்டு அவிழாது."

வதனி பக்கத்திலேயே நின்றாள். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்...

இரண்டு சுற்று. உள்ளே ஒரு சொருகல். இழுத்து இறுக்கிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.