மூத்தவளின் தண்ணீர்க் கண்டம்

மூத்தவள் பிறந்து துடக்குக் கழித்த கையோடு, என் தகப்பனார் தம்பலகாமத்தில் அவளுக்குச் சாதகம் பார்ப்பித்தார். சாத்திரியார் எல்லாம் நல்லபடியாகச் சொல்லிவிட்டு, பிள்ளைக்குத் தண்ணீரில் ஒரு கண்டம் இருக்கிறது, கவனமாய்ப் பாருங்கள் என்றாராம். எந்த வயதில் என்று தகப்பனார் கேட்கவில்லை. அவர் கேட்காமல் வந்ததால் எனக்கு எல்லா வயதும் கண்டமாகப் போயிற்று.

நான் வயல்காரரின் பிள்ளை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கலியாணம் கட்டித் திருகோணமலைக்கு வரும்வரை கடலைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் நிலாவெளியைச் சேர்ந்தவர், கரைவலை இழுக்கிற குடும்பம். அவர் மட்டும் துறைமுகத்தில் வேலை கிடைத்துத் திருகோணமலை ரவுணுக்கு வந்துவிட்டார். அன்புவழிபுரத்தில் வீடு எடுத்தோம். எந்த றோட்டால் போனாலும் கடைசியில் கடல் வந்து நிற்கிற ஊர் இது. இந்த ஊரில் வைத்துத்தான் அந்தப் பிள்ளையை நான் வளர்க்கவேண்டி இருந்தது.

கிணற்றைப் பலகையால் மூடி, பலகைக்கு மேலே பழைய அம்மியைத் தூக்கி வைத்தேன். தண்ணீர் அள்ள வருகிறவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே அம்மியை இறக்குவார்கள். மாரி மழைக்கு வீட்டு வாசல் ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் மூத்தவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வகுப்பில் எல்லோரும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போக ஆயத்தமானபோதும் நான் விடவில்லை. அது கரையில் நின்று வாளியால் அள்ளி ஊற்றுகிற கிணறு, அதில் ஒருவரும் தாழமாட்டார்கள் என்று ரீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னா. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பெரிய ஆட்களோடு கதைக்க எனக்கு வாய் வராது. வாய் வரவில்லையே தவிர, பிள்ளையை விடவும் இல்லை. மூத்தவள் அன்று முழுக்க என் முகம் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் சிரிப்பார். "இவளை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டி, திறப்பை இடுப்பில செருகுமன்," என்பார்.

நாட்டு நிலைமைக்கு எல்லாத் தாய்மாரும் பயந்திருந்த காலம். நானும் அதுக்குப் பயந்தேன், இதுக்கும் பயந்தேன்.

இடையில் சண்டை நின்று பாதை திறந்தது. அந்தக் கொஞ்சக் காலம் சனிக்கிழமைகளில் அவர் மூத்தவளை பஸ்ஸில் நிலாவெளிக்குக் கூட்டிப்போவார். அங்கே அவருடைய தமக்கை, என் மச்சாள், தனியாக இருந்தா. கடற்பக்கம் பிள்ளையை விடமாட்டேன் என்று மச்சாள் என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தா. பின்னேரம் இரண்டு பேரும் மீனோடு வந்து இறங்குவார்கள். மூத்தவளின் தலை எண்ணெய் வழிய வாரி இழுத்து இரட்டைப் பின்னல் போட்டிருக்கும். மச்சாளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, ஆசையில் தலை வாரிவிடுகிறா என்று நினைத்துக்கொள்வேன். நான் பயமில்லாமல் இருந்த நாட்கள் என்றால் அந்தச் சனிக்கிழமைகள்தான். வளவில் குந்தியிருந்து மீன் வெட்டுவேன். சுற்றி வருகிற பூனையோடு கதைப்பேன். பூனையோடு எனக்குக் கதை நல்லாய் வரும்.

பிறகு சுனாமி வந்தது. மூத்தவள் அன்று என்னோடு வீட்டில் நின்றாள். மச்சாளும் தப்பிவிட்டா, அவவின் வீட்டில் ஒரு சுவர்தான் மிஞ்சியது. அதற்குப் பிறகு நான் கடற்கரை றோட்டால் போவதையே விட்டுவிட்டேன். சந்தைக்கும் சுற்றித்தான் போவேன்.

பிள்ளை வளர வளரப் பயம் குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள். சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்து நிறுத்தலாம். வளர்ந்தவளை எதில் பிடித்து நிறுத்துவது? படித்தாள், அரசாங்கக் கந்தோரில் வேலை எடுத்தாள், கலியாணம் கட்டினாள், ஒரு பெண்பிள்ளைக்கும் தாயானாள். கந்தோர் யன்னலால் பார்த்தால் கப்பல் நிற்கிறது தெரியும் என்று அவள் சந்தோசமாய்ச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மார்கழியில் அவர் மோசம் போய்விட்டார். இளையவன் பிரான்சில் இருக்கிறான், அவனால் வர ஏலவில்லை. அவருடைய தமையனின் மகன் கொள்ளி வைத்தான். அடுத்த நாள் சாம்பல் அள்ளிக் கடலில் கரைக்க வேண்டும். அதுவும் அதே பெடியன்தான் என்று ஆண்கள் முற்றத்தில் கதைத்துக்கொண்டிருந்தபோது மூத்தவள் வாசலில் வந்து நின்றாள்.

"சாம்பல் முட்டியை நான் கொண்டுபோறன். நான்தானே மூத்தது."

"பொம்பிளைப் பிள்ளை கடலுக்க இறங்கிற வழமை இல்லையே, பிள்ளை," என்றார் தமையன்.

"வழமையை நீங்கள் பாருங்கோ, பெரியப்பா. அப்பாவை நான் பாக்கிறன்."

ஆண்கள் வாகனம் பேச எழும்பிப் போனார்கள். வழமையைப் பற்றி எனக்கு என்ன கவலை? மார்கழி வாடைக்கு எங்கள் கடல் எப்படி எழும்பும் என்பதுதான் என் கவலை. அவளை அறைக்குள் இழுத்துச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை, உனக்குத் தண்ணீரில் என்று தொடங்கினேன். தெரியும் அம்மா, பிறந்த நாள் தொடக்கம் தெரியும் என்று சொல்லி, என் விரல்களை மெல்ல விலக்கினாள்.

புருசன் போன வீட்டுப் பெண் அந்தத் துடக்கோடு வெளிக்கிடுவதில்லை. கடற்கரைக்குப் போகிற வாகனத்தில் நான் ஏறி இருந்துவிட்டேன். பெண்கள் பார்த்தார்கள், ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன்.

கடற்கரையில் ஐயர் சொன்ன முறை இது. இடுப்பளவு தண்ணீரில் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். முட்டியைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் விட வேண்டும். முழுகிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரைக்கு வர வேண்டும். கடலுக்குப் போய் முதுகைக் காட்டுவதா? அவள் வெள்ளைச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் மறைந்தது. இடுப்பு மறைந்தது. எங்கள் பக்கம் திரும்பி நின்று, கண்ணை மூடி, முட்டியை விட்டாள்.

அவளுக்குப் பின்னால் எழும்பின அலையைக் கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் கண்டோம். அவள் அதைக் காணவில்லை. அலை அடித்துக் கரைக்கு வந்து, என் காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. அவள் நின்ற இடத்தில் ஆள் இல்லை.

இதுதான் அது என்று நினைத்தேன். இத்தனை வருசமும் கிணற்றிலும் ஒழுங்கையிலும் நான் தேடித் தேடிக் காவல் இருந்தது, கடைசியில் தகப்பனின் சாம்பலைச் சாட்டாக வைத்து வந்திருக்கிறது. கால் தன்பாட்டில் போயிற்று. சேலை தண்ணீரில் கனத்து இழுத்தது. யாரோ பின்னால் என் கையைப் பிடித்தார்கள், உதறினேன்.

அலைக்கு அங்கால் ஒரு தலை தெரிந்தது. பிறகு ஒரு கை. மற்றக் கை. நிலாவெளிப் பெடியன்கள் வள்ளத்துக்கு நீந்திப் போவதுபோல, ஒரு அவசரமும் இல்லாமல் கை மாறி மாறி விழுந்தது. அலைக்கு எதிர்த்து நிற்காமல் ஒருபக்கம் சரிந்து வந்தாள். அடுத்த அலை ஏறும்போது அதோடு சேர்ந்து ஏறி, எனக்குக் கிட்ட வந்து காலூன்றினாள். வந்த வேகத்தில் என்னை ஏசத் தொடங்கினாள்.

"நீங்கள் ஏன் இறங்கினீங்கள்? உங்களுக்கு நீந்தத் தெரியுமே?"

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம். அப்பா பழக்கினவர்."

"எங்க?"

"நிலாவெளியில. சனிக்கிழமையில." என்னைத் தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்தபடி சொன்னாள். "மாமி பிறகு தன்ர வீட்டில நல்லதண்ணியில முழுக வார்த்து, எண்ணெய் வைச்சு இழுத்துவிடுவா, உங்களுக்கு உப்பு மணக்கக் கூடாதெண்டு. கண்டமிருக்கிற பிள்ளைக்குத்தான் நீந்தத் தெரியவேணும் எண்டு அப்பா சொன்னவர்."

மணலில் இருந்துவிட்டேன். ஐயர் கரையில் வைத்த பூக்களைக் கோட்டைப் பக்கத்தில் திரிகிற மான்களில் ஒன்று தின்றுகொண்டு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டம் அன்றோடு கழிந்துவிட்டது என்று மச்சாள் இப்போது சொல்கிறா. இருக்கலாம். எனக்கு வேறு ஒரு பயம் பிடித்திருக்கிறது. முடிந்துபோன சனிக்கிழமைகளை நினைத்துப் பயப்படுகிறேன். என் பிள்ளை அங்கே நிலம் முட்டாத தண்ணீரில் கையைக் காலை அடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள், நான் இங்கே பூனையோடு கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை அவர் பிடி வழுவியிருந்தால்? மீன் கழுவும்போது அந்த நினைப்பு வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். அவரை ஏசவேண்டும் போல இருக்கும். ஏச ஆள் இல்லை. சில நேரம், அவர் பழக்காமல் விட்டிருந்தால் அன்று என்ன நடந்திருக்கும் என்று வரும். அதை முழுதாய் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது கச்சான் காற்றுக் காலம், கடல் படுத்துக் கிடக்கிறது. மூத்தவள் தன் மகளுக்கு நீந்தப் பழக்கப் போகிறாள் என்று எனக்கு மணத்துவிட்டது.

"பிள்ளை, கடலுக்குப் போறதெண்டால் எனக்குச் சொல்லிப்போட்டுப் போ," என்றேன்.

"சொன்னால் விடமாட்டீங்களே அம்மா."

"விடமாட்டன். எண்டாலும் சொல்லு."

போன சனிக்கிழமை வாசலில் நின்று சொன்னாள். பேத்தியின் தோளில் துவாய் கிடந்தது. வேண்டாம், போகவேண்டாம் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே என் செருப்பைத் தேடினேன்.