மே மாதத்தில் ஒரு காலிக் கட்டம்

காலை எட்டரை மணிக்கு மஹ்பூபா மொட்டை மாடியில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ஊசியில் நூல் கோக்கும்போது மூடும் அதே கண். கையில் ஊறுகாய் ஜாடி. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள கண்ணாடி ஜாடி. பக்கவாட்டில் தையல் டேப்பிலிருந்து கத்தரித்த துண்டு ஒட்டியிருக்கும். முந்தின நாள் எட்டரையிலிருந்து பெய்த மழை அதில் நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் என்று படித்து, நோட்டில் எழுதி, போனில், இவளைப் போல மழை அளப்பவர்கள் சேர்ந்த 'மேற்கு மேகம்' குழுவுக்கு அனுப்பிய பிறகுதான் தையல் மெஷினில் வந்து உட்காருவாள்.

மழை இல்லாத நாளிலும் ஏறுவாள். ஜாடியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, 'கரையான்சாவடி 0' என்று அனுப்புவாள்.

"பேயலன்றதையும் யாராச்சும் பாத்து சொல்லணும்லக்கா?"

எதிர் வீட்டிலிருந்து ஆறு வருஷமாக இதைப் பார்த்துவருகிறேன்.

கோடையில் மேற்கே திருவள்ளூர் பக்கம் மேகம் திரண்டால் மெஷின் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்கும். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கியபடி நிற்பார்கள். இவள் ஜன்னலில் நிற்பாள். மின்னல் வெட்டினால் நான் துஆ ஓதுவேன். அவள் இடி கேட்கும்வரை விரல் மடித்து எண்ணுவாள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டராம்.

"பதினஞ்சு. செம்பரம்பாக்கத்துல கீதுக்கா. துணிய எட்த்துடு."

அவளுக்குத் தீராத கேள்வி ஒன்று உண்டு. "இங்க கொட்டுது, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல புழுதி பறக்குது. ரெண்டும் ஒரே மேகம்தானே? அல்லா எந்தத் தெருவுல கோடு போட்றான்?" குழுவில் இருக்கும் முகப்பேர் விஷ்ணு, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், படம் போட்டு விளக்குவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி தம்பி, ஆனா ஏன்?" என்பாள்.

போன மே மாதம் ஒரு சாயங்காலம் பேய்க்காற்று. மொட்டை மாடி நடுவில் வைத்த ஜாடி உருண்டுவிடுமென்று, அதைப் படிக்கட்டு அறைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். மழை அடித்தது. கரண்ட் போய் வந்தது. மறுநாள் காலை ஜாடியில் நாற்பத்திரண்டு.

முகப்பேரில் ஏழுதான். ஆவடி சேக்காட்டில் ஒன்பது.

"உங்க ஊட்டு மேல மட்டும் மேகம் கிழிஞ்சிடுச்சாக்கா?" என்று விஷ்ணு கேட்டார்.

"மேகம் இன்னா ஜாக்கெட் துணியா, கிழியறதுக்கு? ரெண்டு வாட்டி பாத்துட்டேன். நாப்பத்திரெண்டு."

அவள் சொன்ன எண் இதுவரை தப்பியதில்லை. அதனால் நம்பினார்கள். அன்றைய முதலிடம் கரையான்சாவடிக்கு என்று அவள் பேரோடு அறிவித்துக் கை தட்டினார்கள். போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே ஓடிவந்து காட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் ஜாடியைப் பழைய இடத்துக்கு மாற்ற மறந்துவிட்டாள்.

மத்தியானம் துணி எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். கொளுத்தும் வெயிலில், காலையில் காலி செய்த ஜாடி பாதி நிறைந்திருந்தது. கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, மேலே தண்ணீர்த் தொட்டி வழிந்து, குழாய் வழியே நேராக அதற்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, நேத்து மழையில மோட்டார் போட்டீங்களா?"

கணவர் ஜுல்ஃபிகர் தலையைச் சொறிந்தார். "கரண்டு வந்துச்சேன்னு போட்டேன். அப்டியே கண்ணு அசந்துட்ச்சு. தண்ணி தண்ணிதானே மஹ்பூ, வுடு. யாரு வந்து பாக்கப் போறா?"

"நேத்து எவ்ளோ பேஞ்சுதுன்னு இனிமே யாருக்குமே தெரியாதுங்க." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாகச் சேர்த்த பேர் அதற்குள் இருந்தது. பிறகு தன் குரலிலேயே பேசி அனுப்பினாள்: "மன்னிச்சுக்குங்க. அது முழுக்க மழை இல்ல. தொட்டி வழிஞ்ச தண்ணி கலந்துட்ச்சு. ஜாடிய எடம் மாத்தி வெச்சது நான்தான்." கணவர் பேரை எடுக்கவில்லை.

'மோட்டார் மழை' என்று ஒருவர் கேலி செய்தார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். விஷ்ணு நல்ல மனசோடு சொன்னார்: "பரவால்லக்கா. இங்க ஏழு, அங்க ஒம்போது. நீங்க எட்டுன்னு போட்டுடுங்க, சரியா இருக்கும்."

"சரியா இருக்கலாம் தம்பி. நான் அளக்கலியே."

நோட்டில் நாற்பத்திரண்டை அழித்தாள். எட்டும் போடவில்லை, சைபரும் போடவில்லை. மே மாதப் பக்கம் முழுக்க எண்கள். நடுவில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.

நாலு நாள் கழித்து மறுபடி மேற்கே கறுத்தது. ஜாடியை மாடி நடுவில் இரண்டு செங்கலுக்கு இடையே இறுக்கி வைத்தாள். கீழே இறங்கி வந்து ஸ்விட்ச் பெட்டிப் பக்கம் ஏதோ செய்துவிட்டுத் திரும்பவும் மாடி ஏறினாள்.

"மஹ்பூ, மோட்டார் ஓடலியே! இன்னாச்சு?" என்று கீழேயிருந்து ஜுல்ஃபிகர் கத்தினார்.

மேற்கே ஒரு மின்னல் வெட்டியது. மஹ்பூபா இடுப்பில் செருகியிருந்த ஃபியூஸ் கட்டையை ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மறு கையில் விரல் மடிக்க ஆரம்பித்தாள்.