நூற்று நாற்பதைத் தாண்டாதே

அமெரிக்காவின் டூலூத் நகரில் ஒன்பது ஆண்டுகளாகத் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடேறி இறங்குபவள் டோரி ஹாக்லண்ட். அங்கே தெருக்கள் ஏரிக்கரையில் தொடங்கிச் செங்குத்தாக ஏறும். எந்த வீட்டுக்கு எத்தனை படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எண்ணுவது பிறவிக் குணம். "யார் சொன்னது?" என்று கேட்பதும்தான். நோவாவின் கப்பலில் சாணியை அள்ளியது யார் என்று கேட்டு, ஞாயிறு பள்ளி வகுப்பிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டவள்.

முப்பத்து நான்கு வயதில் வயிற்றில் பிள்ளை வந்தது. ஓட்டத்தை அவள் விடவில்லை. மே மாதத் தொடர் ஓட்டத்தில் துறைமுகத்திலிருந்து மேட்டு உச்சி வரை ஏறும் பகுதி பதினோரு ஆண்டுகளாக அவளுடையது. இந்த மே மாதத்தில் ஆறு மாதம் நிறைந்திருக்கும். ஏப்ரலில் ஓட்டக் குழுவின் அறையில் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயரைக் காணோம்.

"வெர்ன், என் பேரு எங்க?"

குழுத் தலைவர் வெர்ன் நீமி அறுபதைத் தாண்டியவர். காபிப் பாத்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிப் பழுப்பேறிய தாளைக் காட்டினார். கர்ப்பிணியின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது என்றது அது.

"நான் சொல்லலம்மா. டாக்டருங்க சொல்றாங்க."

"எந்த டாக்டரு?"

"டாக்டருன்னா டாக்டருதான்!"

"நூத்தி நாப்பத்தொண்ணு ஆனா என்ன ஆகும்?"

"நீ ஓட வந்தியா, வழக்காட வந்தியா?"

திங்கட்கிழமை, அறுபத்தொரு படி ஏறி ஒரு வீட்டுப் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, கழுத்தில் இரண்டு விரலை வைத்து எண்ணினாள். நூற்று ஐம்பத்திரண்டு. தோளில் பை, காலடியில் பனி. இதை எந்தத் தலைவரும் தடுக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைச் சுமந்து மூச்சு வாங்கினால் அது கடமை. தன் ஆசைக்கு ஓடினால் மட்டும் உலகமே வந்து நாடி பிடிக்கிறது. பெண்ணின் உடம்பு மேல் அக்கறை எப்போதும் அவள் மகிழ்ச்சியாக இருக்கும் நேரம் பார்த்தே வந்து சேருகிறது.

மருத்துவச்சி ரெனே ஹூல் நூற்று நாற்பது என்ற அந்த எண்ணைக் கேட்டதும் சிரித்தாள்.

"அது எண்பத்தஞ்சுல வந்தது. தொண்ணூத்துநாலுல டாக்டருங்களே எடுத்துட்டாங்க. உனக்கு ஓடிப் பழக்கம், வேற சிக்கலும் இல்ல. ஓடறப்போ முழு வாக்கியமா பேச முடியுதா? அப்ப ஓடு. ரத்தம் பட்டா, தண்ணி கசிஞ்சா, தலை சுத்தினா, வலிச்சா நின்னுடு. உடனே எனக்குப் போன் பண்ணு."

"எடுத்துட்டாங்கன்னா அது ஏன் இன்னும் எங்க சுவத்துல இருக்கு?"

"அதை உங்க சுவத்தத்தான் கேக்கணும்."

சனிக்கிழமைக் குழுப் பயிற்சியில் வெர்னோடு சேர்ந்து மேட்டில் ஓடி ஏறினாள். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். உச்சியில் அவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். நூற்று அறுபத்து நான்கு.

"உங்க சம்சாரம் எலேன் வச்ச சூப் நேத்து எப்படி இருந்துச்சு? ஒரே வாக்கியமா சொல்லுங்க பாப்போம்."

"நல்... லா..."

"பாவம், இவரையும் வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மூச்சு திரும்பியதும் வெர்ன், "நான் ஒண்ணும் முழுகாம இல்லியே!" என்றார்.

அறைக்குத் திரும்பியதும் ரெனே சொன்னதை டோரி அப்படியே சொன்னாள். வெர்னின் மனைவி எலேன் காட்டரிசி சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"எந்த வருஷம் எடுத்தாங்க?"

"தொண்ணூத்துநாலு."

எலேனும் ஒரு காலத்தில் ஓடியவள். முதல் பிள்ளை உண்டானபோது அந்தத் தாளைக் கொண்டுவந்து ஒட்டியவர் வெர்ன்தான். மூன்று பிள்ளைகளுக்கும் நிறுத்தினாள். பிறகு தொடங்கவே இல்லை.

"நம்ம கடைக்குட்டி ஆரன் பொறந்தது தொண்ணூத்தாறு. அந்த ஒம்பது மாசமும் ஜன்னல்கிட்ட உக்காந்து, நீ ஓடறதப் பாத்துட்டு இருந்தேன், வெர்ன்."

"உன் நல்லதுக்குத்தானே..."

"தெரியும். நீயும் யாரையும் கேக்கல. நானும் கேக்கல."

எலேன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தாளை உரித்தாள். சுவர்ச் சுண்ணாம்பும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. வெர்ன் பென்சிலை எடுத்துப் பட்டியலில் டோரியின் பெயரை எழுதினார். எழுத வெகு நேரம் பிடித்தது.

ஓட்டத்தன்று டோரி பக்கத்தில் ஓடியவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டே ஏறினாள். உச்சிக்கு இரண்டு தெரு இருக்கும்போது அடிவயிறு இழுத்தது. ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்கினாள். இழுப்பு அடங்கியது.

"அப்பவே சொன்னோமில்ல!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நீங்க சொல்லி நிக்கல. என் வயிறு சொல்லுச்சு, நின்னேன்!"

எலேன் நடைபாதையிலிருந்து இறங்கி டோரியின் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். இருவரும் ஒன்றாக நடந்தார்கள்.

"டோரி, ஒண்ணு கேக்கணும். நீ ஓடறப்போ உள்ள குழந்தை என்ன பண்ணும்?"

"ஆட்டத்துல தூங்கிடும்போல, அசையறதே தெரியல. நின்னாத்தான் உதைக்குது."

"அப்படியா?" எலேன் அவள் வயிற்றைப் பார்த்தாள். "மூணு பெத்தேன். எனக்கு இது தெரியவே தெரியாது."