பாதி ஆட்டம் பார்த்த ஃபின்டன் லூபி

டிப்பரேரி மாவட்ட ஹர்லிங் இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊர் தோற்றது ஃபின்டன் லூபியால்தான் என்று சாராயக்கடையில் இன்றைக்கும் எவனாவது ஆரம்பிப்பான். அன்றைக்கு அவன் களத்திலேயே இல்லையடா என்றால், "அதத்தானே நாங்களும் சொல்றோம்" என்பான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

லூபிக்கும் எனக்கும் சுண்ணாம்புச் சூளையில் வேலை. மூட்டை சுமக்கும்போது கிழட்டுக் கழுதை மாதிரி நடப்பான். ஹர்லிங் எங்கள் ஐரிஷ்காரர்களின் மட்டைப்பந்து; அந்த மட்டை கைக்கு வந்துவிட்டால் ஆளே வேறு. பின்வரிசையில் அவன் நின்றால் பந்து தாண்டாது. ஊருக்கு முதல் கோப்பை அவனால்தான் வரும் என்று பாதிரியார் பூசையிலேயே சொன்னார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் டவுனில் இங்கிலீஷ்காரன் கால்பந்து. கோடு போடச் சுண்ணாம்பு கேட்டிருந்தார்கள். லூபி கொண்டுபோய் இறக்கினான். இறக்கினவன் திரும்பியிருக்கலாம். கூட்டத்தோடு நின்று ஆட்டத்தைப் பார்த்துவிட்டான். அந்நியன் ஆட்டம் என்று, அதை ஆடினாலும் பார்த்தாலும் சங்கத்தார் ஹர்லிங்கிலிருந்து தள்ளிவைப்பார்கள். வேவு பார்க்க ஆளும் போடுவார்கள். அன்றைக்கு வந்த ஆள் கண்டது லூபியின் வண்டியை மட்டும்தான்.

சங்க விசாரணையில் எங்கள் ஊர் அணியின் செயலாளர் ஜெர் டூஹி வழி காட்டினார். "இறக்கிட்டு உடனே வந்துட்டேன்னு சொல்லுடா. முடிஞ்சுது."

நான் லூபியின் காலை மிதித்தேன்.

"பாதி ஆட்டம் பாத்தேங்க. நல்லாத்தான் ஆடினானுங்க."

"அந்தச் சுண்ணாம்ப உன் வாயில கொட்டியிருக்கணும்!" டூஹி தலையில் அடித்துக்கொண்டார்.

ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். அவன் இடத்தில் நின்ற தையற்காரனைத் தாண்டி மூன்று கோல். லூபி மதிலுக்கு வெளியே நின்று கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆறு மாதம் முடிந்தும் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால் மரியாதைக்குத் தொப்பியைத் தொடக்கூட மாட்டார்கள். அவன் மட்டையை வெட்டிக் கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டான்.

போன மாசி மாதம் நெஞ்சு அடைத்துப் படுத்தான். சூளைத் தூசி. பிழைக்கமாட்டான் என்று தெரிந்ததும் டூஹி முதல் தடவையாக அவன் வீட்டுப் படி ஏறினார். இங்கே ஹர்லிங்காரன் செத்தால் சவப்பெட்டிமேல் ஊர் அணியின் சட்டையை விரிப்பார்கள்.

"உனக்கு இல்லாத சட்டையாடா, லூபி?" என்றார்.

லூபி இருமினான். அவர் போகும்வரை இருமிக்கொண்டே இருந்தான். பிறகு என் கையைப் பிடித்தான்.

"சட்டையத் தூக்கிட்டு வருவாரு. போட விடாதடா. ஏன்னு கேட்டா, இவன் பாதி ஆட்டம் பாத்தவன்னு சொல்லு."