சொந்த வசனத்தில் எழுதுக

புலம்பெயர்ந்து வந்த வால்தம்ஸ்டோவில் நான் படிக்கும் கல்லூரியில் ஆசிரியை மேசைமேல் ஏறி இருந்து, காலை ஆட்டிக்கொண்டுதான் பாடம் நடத்துவார். முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றேன். வேறு ஒருவரும் எழவில்லை. கழிவறைக்குப் போகத்தான் எழுந்தேன் என்று நினைத்து, அது வலது பக்கம் என்று வழி காட்டினார். பெயர் கிளேர். மிஸ் என்று கூப்பிடாதே, கிளேர் என்றே சொல் என்பார். நாற்பத்து மூன்று வயதிலும் என் வாய்க்கு அது வரமாட்டேன் என்கிறது.

பல்கலைக்கழகம் போகுமுன் என்னைப் போன்ற வயது வந்தவர்கள் ஒரு வருடம் படிக்கும் அக்சஸ் கோர்ஸ் இது. தாதியர் படிப்புக்கு இடம் தந்துவிட்டார்கள், ஆனால் இதில் சித்தியடைந்தால்தான் அது எனக்கு. பிள்ளைகளை வளர்த்து, சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட் மாறி மாறி நின்று, இத்தனை காலம் கழித்துக் கிடைத்த இடம்.

இதயத்தைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையை, பார்த்து எழுதியதைப் பிடிக்கும் கணினி முழுக்கச் சிவப்பாக்கியது. எதைப் பார்த்து எழுதினாய் என்று கிளேர் தனியே கூப்பிட்டுக் கேட்டார். பார்க்கவில்லை, பாடமாக்கினேன் என்றேன். அவர் நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடப்புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். கைதட்டப் போகிறார் என்று நினைத்தது என் யாழ்ப்பாணப் புத்தி.

"அற்புதம். ஆனால் இது உன்னுடையது இல்லையே," என்றார். "சொந்த வசனத்தில் எழுது. இன்னொரு முறை இப்படி வந்தால் என்னால் உதவ முடியாது."

மனப்பாடம் எங்களுக்குக் களவில்லை. ஊரில் தகரக் கொட்டிலில் உயர்தரம் படித்தபோது ரியூசன் வாத்தியார், எங்கள் சேர், சொல்லச் சொல்ல எழுதுவோம். சொல் மாறினால் புள்ளி போகும். இடம்பெயர்ந்து ஓடிய அன்று கொப்பிகள் எல்லாம் வீட்டோடு போயின. வன்னியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் பாயை விரித்து, நானும் தோழி வாசுகியும் ஆளுக்கொரு வரியாகச் சொல்லி நோட்ஸை மீட்டோம். பசியும் இருந்தது, பயமும் இருந்தது. ஆனாலும் படிப்பு என்றால் அந்த விறாந்தைக்குத்தான் மனம் ஓடுகிறது. அவ்வளவு ஆசையாக நான் பிறகு படித்ததே இல்லை.

சொந்த வசனத்துக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் சேரின் தமிழ் நோட்ஸை நினைவிலிருந்து எடுத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கணினி மூச்சு விடவில்லை. கிளேர் ஒரு வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்: எல்லாருக்கும் சோறு போடும் தாய் தனக்கும் ஒரு பிடி எடுத்து வைப்பது போல, இதயம் தனக்கு வேண்டிய இரத்தத்தையும் தானே அனுப்பிக்கொள்கிறது. இதுதான் உன் குரல் என்று பக்கத்தில் எழுதியிருந்தார். சித்தியடைந்துவிட்டேன்.

சேரின் வசனத்தை வைத்து வெள்ளைக்காரியை ஏய்த்த கதையைச் சொல்ல வாசுகிக்குப் போன் எடுத்தேன். அவள் கிளிநொச்சியில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். இடம்பெயர்ந்த அந்த வருடமே தகப்பன் செத்துப்போக, தம்பிமாரைப் பார்க்கவென்று சோதனை எழுதாமலே படிப்பை விட்டவள். நான் அந்த வரியைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது சேர் சொன்னதில்லையடி," என்றாள். "விறாந்தையில பாடம் சொல்லேக்க அந்த இடம் மறந்துபோச்செண்டு நீ அழுதனீ. உன்ர அழுகையை நிப்பாட்ட நான் சும்மா இட்டுக்கட்டிச் சொன்னனான்."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ பாடமாக்கியிருக்க மாட்டாய்."

கடையில் ஆள் வந்துவிட்டது என்று அவள் போனை வைத்தாள்.

பிறர் வசனத்தை எடுத்தால் அடியில் பெயர், ஆண்டு, இடம் மூன்றும் போட வேண்டும் என்பது இங்கே சட்டம். கட்டுரையின் அடியில் வாசுகி என்று தட்டினேன். இடம்பெயர்ந்த வருடத்தையும், விறாந்தை, வன்னி என்பதையும் சேர்த்துத் திரும்பக் கொடுத்தேன். கிளேர் மேசைமேல் இருந்தபடி அதைப் படித்துவிட்டு, வாசுகியை நூலாசிரியர் என்று நினைத்து, இந்தப் புத்தகம் நூலகத்தில் கிடைக்குமா என்று கேட்டார்.

கிடைக்காது மிஸ், அது அந்த விறாந்தையிலேயே நின்றுவிட்டது என்றேன்.