பஸ் முதலாளியின் கூடைப்பந்து அணி

எங்கள் முதலாளிக்குக் கூடைப்பந்து பிடிக்கும் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். பொய். தன் பஸ்ஸின் பெயர் எங்கள் முதுகில் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. திருக்கோவிலூரில் இன்னொரு பஸ்காரர் வாலிபால் அணி வைத்திருந்ததில் இவருக்கு வயிற்றெரிச்சல். கள்ளக்குறிச்சியில் உயரமான பையன்களாக எட்டுப் பேரைப் பொறுக்கி மாதச் சம்பளத்துக்கு வைத்தார். கரும்பு லாரி நிற்கும் காலி மனையில் இரண்டு கம்பம் நட்டார். அந்த அணி ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

திருக்கோவிலூர் கோப்பையைக் கொண்டுவந்தால் எல்லோருக்கும் நிரந்தரக் கண்டக்டர் வேலை என்றார். பள்ளி முடித்து நான்கு வருடம் வீட்டில் தண்டச்சோறு என்று பேர் வாங்கியவன் நான். அந்த வேலைக்காக மண்ணைக்கூடத் தின்றிருப்பேன்.

இறுதி ஆட்டம் நெருங்கும்போது இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள். வராத அணி தோற்றதாகக் கணக்கு என்று போட்டி நடத்தியவர்கள் சொல்லிவிட்டார்கள். மறியல்காரர்கள் சாவு வண்டியை மட்டும் மறிப்பதில்லை. முதலாளிக்கு அது போதுமாக இருந்தது.

வேனுக்கு மாலை கட்டச் சொன்னார். என்னைப் பார்த்தார்.

"நீதான்டா நீட்டம். நீ படு."

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். தாடையைச் சுற்றித் துணி, நெற்றியில் ஒரு ரூபாய். எங்களில் ஒருவன் கல்வராயன் மலைக்காரன், எம்பினால் வளையத்தைத் தொடுவான். அவன் மட்டும் வேனில் ஏறவில்லை.

"உசுரோட இருக்கறவனுக்கு நாடிக்கட்டு கட்டறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு மலைப் பக்கம் நடந்து போய்விட்டான். அவனுக்குத் திமிர் என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன். தாடையைக் கட்டியிருந்ததால் வாய் திறக்க முடியவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதி வழியில் வேன் நின்றது. மரத்தை ஓரமாக இழுத்தார்கள். யாரோ ஒரு பெண் கதவைத் திறந்தாள். என் கன்னத்தைத் தொட்ட கை, கரும்பு வெட்டும் கை, சொரசொரவென்று இருந்தது.

"எந்த வூட்டுப் புள்ளடா இது? மீசகூட முழுசா மொளைக்கலியே! பெத்தவ எப்பிடித் தாங்குவா?"

மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் வழிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு, வேலை, வேலை, வேலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வேன் கிளம்பியதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜெயித்தோம். மறுநாள் திரும்பும்போது கோப்பை தலைக்கேறி, மாலையைப் பிய்த்து எறிந்து, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தேன். செத்தவன் திரும்பி வரக்கூடாது என்பது ஏழு பேரில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

அதே இடத்தில் அவள் ஒரு குடம் தண்ணீரோடு நின்றிருந்தாள். அடக்கம் முடித்து வருகிறவர்கள் கால் கழுவ. ஜன்னலருகே வந்து என் முகத்தைப் பார்த்தாள். ஆண்கள் கல்லை எடுத்தார்கள். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"வுடுங்க. போவட்டும்." பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: "எம்மவன போலீசு இழுத்துக்கினு போயி நாலு நாளாவுது. அவனுக்குக்கூட நான் அழுவல. ஒனக்கு அழுதேன்டா."

குடத்தை அங்கேயே சாலையில் கவிழ்த்தாள்.

அடுத்த மாதமே முதலாளி அணியைக் கலைத்தார். கோப்பைதான் வந்துவிட்டதே, இனி ஏழு தடியன்களுக்கு எதற்குச் சோறு? வேலை விஷயத்தில் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மலைக்காரனைத் தவிர எல்லோருக்கும் கண்டக்டர் பை கிடைத்தது. எனக்குக் கொடுத்தது திருக்கோவிலூர் வண்டி.

அவள் மறியல் நடந்த அந்த இடத்து நிறுத்தத்தில்தான் ஏறுவாள் என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று. பஸ் நின்றது. படியில் கால் வைத்தவள் என்னைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டாள். "ஏறும்மா, நேரமாவுது" என்று டிரைவர் கத்தினார்.

"நீங்க போங்க. நான் அடுத்த வண்டில வரேன்."

ஆறு வருடம் அந்தத் தடத்தில் ஓடினேன். வெயிலிலும் மழையிலும் அதைத்தான் சொன்னாள். அடுத்த வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும்.